தினக்கூலி டீச்சர்: கோவை, திருப்பூர் பக்கம் ஒரு மாற்று ஆசிரியர் ஏஜென்சி எப்படி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதம் இருபதாயிரம் கைக்கு வரும் என்று கணக்குப் போட்டு யாரும் இந்த ஏஜென்சியில் 1,500 ரூபாய் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டாம். வராது. ஆனால் நமக்கு டீச்சர் வேலை ஒத்துவருமா, இந்த வயதில் நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்று தொண்டை கிழியப் பேச முடியுமா என்று மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறது, இருக்கிற வேலையை விடவும் பயமாக இருக்கிறது என்றால், அதைத் தெரிந்துகொள்ள இதைவிடச் செலவு கம்மியான வழி நம்ம பக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. ஐந்துக்கு மூன்று கொடுப்பேன்.

பெயரைப் போடவில்லை, ஏனென்றால் இன்னும் அவர்கள் லிஸ்டில்தான் இருக்கிறேன், நாளைக்கும் போன் வரும். ஆபீஸ் கோவையில். ஆள் அனுப்புவது கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டத் தனியார் பள்ளிகளுக்கு. ஒரு டீச்சர் லீவு போட்டால் அவர் இடத்தில் ஒரு நாளோ, ஒரு வாரமோ, பிரசவ லீவு என்றால் ஆறு மாதமோ நிற்க ஆள் தருவதுதான் தொழில். பள்ளிகளில் இதைச் சப்ஸ்டிடியூஷன் என்பார்கள், நீண்ட நாள் என்றால் லீவ் வேகன்சி. முன்பெல்லாம் இந்த வேலைக்குத் தெரிந்தவர், ஒறம்பரை (சொந்தக்காரர், விருந்தாளி) என்று தேடிப் பிடிப்பார்கள். இப்போது அதற்கும் ஒரு ஏஜென்சி, ஒரு வாட்ஸப் குரூப், ஒரு ஐடி கார்டு.

நான் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசர், ஆர்டர் வாங்கி விலை பேசி முடிக்கிற வேலை. படித்தது எம்.எஸ்ஸி. கணிதம், அப்புறம் பி.எட். நான் படித்த காலத்தில் பி.எட். ஒரே வருஷம்தான், 2015-ல்தான் இரண்டு வருஷம் ஆக்கினார்கள். முடித்த கையோடு கல்யாணம், திருப்பூருக்குக் குடிவந்தது, இங்கே பனியன் கம்பெனி ஆபீஸ் சம்பளம் பள்ளிக்கூடச் சம்பளத்தைவிட மேல் என்று அப்படியே காலம் ஓடிவிட்டது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் எங்கள் பையர், அதாவது அங்கே நம் துணியை வாங்குகிறவர், ஆர்டரை நிறுத்தி வைத்தார், ஆபீஸில் வாரம் மூன்று நாள் வந்தால் போதும், சம்பளமும் அதற்குத் தக்கபடி என்று சொல்லிவிட்டார்கள். மீதி நாளுக்கு என்ன பண்ணலாம் என்று வெசனத்தில் இருந்தபோதுதான் இந்த விளம்பரம் கண்ணில் பட்டது. பகுதி நேரம், உங்கள் வசதிப்படி நாட்கள் என்று போட்டிருந்தது. யாருடைய வசதி என்பது சேர்ந்த பிறகு தெரியும், அதற்கு வருகிறேன்.

பதிவு செய்வது சுலபம். டிகிரி, பி.எட். சர்டிபிகேட் ஜெராக்ஸ், ஆதார், வங்கிக் கணக்கு, அப்புறம் போலீஸ் வெரிஃபிகேஷன். கடைசியாகச் சொன்னதைத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் நாமே விண்ணப்பித்து வாங்க வேண்டும், அந்தச் செலவு 1,500-ல் சேராது. பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கு ஆள் அனுப்புகிறவர்கள் இதைக் கேட்காமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும், அதனால் இதில் எனக்குக் குறை இல்லை. ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கேட்கவே இல்லை என்பதைப் பெரிய பிளஸ் என்று எழுதுகிறேன். தனியார் பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும், சேரும்போது ஒரிஜினலை வாங்கிப் பீரோவில் பூட்டிவிட்டு, வருஷ நடுவில் விலகினால் தர மாட்டோம் என்கிற கூத்து இன்னும் நடக்கிறது. இவர்கள் ஒப்பந்தத்திலேயே, பள்ளி கேட்டாலும் ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள் என்று ஒரு வரி இருக்கிறது. ஒரு பள்ளியில் ஆபீஸ் ரூமில் கேட்டார்கள், நான் அந்தப் பக்கத்தைக் காட்டினேன், அதோடு விட்டுவிட்டார்கள்.

எல்லோரும் கேட்கிற கேள்வி, டெட் வேண்டுமா. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை எடுக்க ஆசிரியர் தகுதித் தேர்வு வேண்டும் என்பது என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) 2010-ல் கொண்டுவந்த விதி. டெட் இல்லாதவர்களை ஒன்பதாம் வகுப்புக்கு மேல் மட்டும் அனுப்புகிறோம் என்று ஏஜென்சி சொல்கிறது. காலை ஆறரை மணிக்கு ஆள் கிடைக்காத அவசரத்தில் அந்தக் கொள்கை எவ்வளவு தூரம் நிற்கும் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. என்னிடம் 2013-ல் எழுதிப் பாஸான சர்டிபிகேட் இருந்தது, 150-க்கு 90 எடுக்க வேண்டிய அந்தப் பரீட்சையை எழுதியபோது ஏழு வருஷம்தான் செல்லும் என்றார்கள், பெட்டியில் கிடந்து காலாவதியானது, 2021-ல் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று விதியை மாற்றியதும் அதற்கு மறுபடி உயிர் வந்தது. உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒன்று கிடந்தால் எடுத்துப் பாருங்கள், இந்த ஏஜென்சியில் அதற்கு மதிப்பு உண்டு, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குத்தான் அதிகம் கூப்பிடுகிறார்கள்.

பயிற்சி என்று ஒரு நாள் முழுக்க உட்கார வைத்தார்கள். காலையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பேசினார், அது மட்டுமே 1,500-க்குத் தகும். கல்வி உரிமைச் சட்டம் 17-வது பிரிவுப்படி பிள்ளையை அடிப்பது மட்டுமல்ல, மனம் நோகத் திட்டுவதும் கூடாது, ஒரு நாள் வாத்தியாருக்கும் அது பொருந்தும் என்று ஆரம்பித்து, போக்சோ (பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்), ஒரு பிள்ளை நம்மிடம் ஏதாவது சொன்னால் யாரிடம் போக வேண்டும், 1098-க்கும் (குழந்தைகள் உதவி எண்) 14417-க்கும் (பள்ளிக் கல்வித்துறை உதவி எண்) என்ன வித்தியாசம் என்பது வரை வழவழ கொழகொழ இல்லாமல் சொன்னார். "ஏனுங்க, நீங்க அந்த ஸ்கூலுக்கு ஒறம்பரை. ஆனா அந்தக் கொழந்தைக்கு நீங்கதானுங்க அன்னைக்கு டீச்சரு" என்றார். மதியம் வேறு ஒருவர் வந்து கிளாஸ்ரூம் மேனேஜ்மென்ட் என்று ஸ்லைடு போட்டார். புன்னகையுடன் வகுப்பைத் தொடங்குங்கள், கண்ணைப் பார்த்துப் பேசுங்கள். நம்ம பக்கத்து எட்டாம் வகுப்புப் பயல்களை அவர் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன்.

சரி, வேலை எப்படி வரும்? காலை ஆறு மணிக்கு மேல் குரூப்பில் மெசேஜ் விழும். பாடம், வகுப்பு, ஏரியா, எத்தனை மணிக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் கை தூக்குகிறவருக்கு வேலை. யாரும் தூக்கவில்லை என்றால் ஒருங்கிணைக்கிற பெண் போன் பண்ணுவார். "அக்கா, பல்லடம் ரோட்டுல ஒரு ஸ்கூலுங்க, மேத்ஸ், இன்னைக்கு மட்டும் போய்ட்டு வந்துருங்களேன்" என்று அவர் கேட்கும்போது அடுப்பில் குக்கர் இருக்கும், பையனுக்கு இன்னும் சாக்ஸ் கிடைத்திருக்காது. எட்டேகாலுக்குள் அங்கே இருக்க வேண்டும். நீங்கள் பிரீயாக வைத்திருக்கிற நாளில் மெசேஜே வராது, ஆபீஸ் நாளில் மூன்று வரும். முதல் நாள் இரவே தெரிந்த லீவைக்கூடக் காலையில்தான் போடுகிறார்கள், பள்ளிகள் தாமதமாகச் சொல்வதால் என்கிறார்கள், நான் கேட்ட பள்ளியில் நேற்று மத்தியானமே ஏஜென்சிக்குச் சொல்லிவிட்டோம் என்றார்கள். இதில் யாரை நம்புவது? எனக்குத் தெரிந்து, முன்கூட்டியே போட்டால் ஆட்கள் ஒத்துக்கொண்டு கடைசி நேரத்தில் கழன்றுகொள்கிறார்கள், அதனால் வேண்டுமென்றே காலையில் போடுகிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கலாம். ஆனால் பகுதி நேரம், உங்கள் வசதி என்று விளம்பரத்தில் எழுதாமல் இருந்திருக்கலாம்.

துட்டு விஷயம். மெட்ரிக் பள்ளி என்றால் ஒரு நாளைக்கு 600, சி.பி.எஸ்.இ. என்றால் 800. பள்ளியிடம் இவர்கள் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று சொல்வதில்லை. போக்குவரத்துக்குத் தனியாக எதுவும் இல்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பதால் என் கணக்கு தப்பித்தது, ஆனால் மெயின் ரோட்டில் இறங்கி இட்டேரி மாதிரி ஒரு தடத்தில் உள்ளே போக வேண்டிய பள்ளிகள்தான் அதிகம், அங்கே ஆட்டோக்காரர் கேட்பதைக் கொடுக்க வேண்டும். சில பள்ளிகள் தங்கள் வேனில் ஏற்றிக்கொள்கின்றன, கேட்டால்தான், கேட்காவிட்டால் இல்லை. என் பக்கத்து வீட்டு அக்கா பனியன் கம்பெனியில் செக்கிங் (தைத்த துணியில் குறை பார்க்கும்) வேலைக்குப் போகிறார். ஒரு நாள் வாசலில் நாயம் பேசிக்கொண்டே இரண்டு பேர் கணக்கையும் போட்டுப் பார்த்தோம், அவர் ஒன்றரை ஷிப்ட் பார்த்த நாளில் அவர்தான் முன்னால் நின்றார். "இதுக்கா கண்ணு இத்தனை படிப்பு?" என்று அவர் கேட்டது எகத்தாளம் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

பணம் அடுத்த மாதம் 10-ம் தேதிக்குள் வரும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, வருவது இருபதுக்கு மேல். அதிலும் புரொபஷனல் ஃபீஸ் என்று போட்டு அப்போதிருந்த 194ஜே பிரிவில் பத்து சதவீதம் டி.டி.எஸ். (கைக்கு வருமுன்னே பிடிக்கிற வருமான வரி) பிடித்துவிட்டார்கள். ஒரே இடத்திலிருந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாயைத் தாண்டாதவரை அந்தப் பிரிவில் பிடிக்க வேண்டியதில்லை, 2025 ஏப்ரலில்தான் 30,000-லிருந்து அதை உயர்த்தினார்கள். இதை எடுத்துச் சொன்னபோது, எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் மேடம் போடறோம், ரிட்டர்ன் போட்டு வாங்கிக்கோங்க என்று பதில். வாங்கிக்கொள்ளலாம், உண்மைதான். ஆனால் நம் பேரில் பிடித்த வரியைக் காட்டுகிற 26ஏஎஸ் படிவத்தில் அந்தத் தொகை ஏறியிருக்கிறதா என்று நாமே போய்ப் பார்க்க வேண்டும், ரிட்டர்ன் போட்டுப் பழக்கமில்லாத ஒரு வீட்டுப் பெண் அந்த அறுபது ரூபாய், எண்பது ரூபாயை மறந்துவிடுவார். இத்தனை பேர் மறந்தால்? யோசியுங்கள்.

இனி பள்ளிக்குள்ளே. ஏஜென்சி எந்தத் தகவலும் கொடுப்பதில்லை என்பது என் பெரிய புகார். வகுப்பில் எத்தனை பேர், எந்தப் பாடம் ஓடுகிறது, யாருக்கேனும் தனிக் கவனிப்பு வேண்டுமா, எதுவும் தெரியாது. உள்ளே போனால் ஒருங்கிணைப்பாளர் டைம்டேபிளைக் கையில் கொடுத்து, அமைதியாக வைத்துக்கொண்டால் போதும் மிஸ் என்பார். பல பள்ளிகளுக்கு அது போதும். கணக்கு டீச்சர் என்று போவோம், ஒரு பீரியட் கணக்கு, ஒரு பீரியட் ஹிந்தி வகுப்பில் காவல், ஒரு பீரியட் லைப்ரரி, மதியம் ஸ்லிப் டெஸ்ட் கரெக்‌ஷன் என்று ஓட்டிவிடுவார்கள். பிளஸ் ஒன் வகுப்பு இன்னும் மோசம். 2025-26-லிருந்து பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை என்று மாநிலக் கல்விக் கொள்கையில் வந்துவிட்டதா, சில பள்ளிகளில் அந்தப் புத்தகத்தையே ஓரம் கட்டிவிட்டுப் பிளஸ் டூ பாடத்துக்குத் தாவிவிட்டார்கள், அந்த வகுப்பில் போய் நின்றால் எதை நடத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. 2017-18-ல் அந்தத் தேர்வைக் கொண்டுவந்ததே இந்தத் தாவலைத் தடுக்கத்தான். நாமக்கல் பக்கத்து ரெசிடென்ஷியல் பள்ளிகளைப் பற்றிக் கேலி பேசுகிறவர்கள் நம் ஊர் டே ஸ்கூலையும் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம்.

பிள்ளைகள்? புது மிஸ் என்று தெரிந்த அடுத்த நிமிஷம் லொள்ளு ஆரம்பம். இந்தச் சேப்டர் முடிச்சுட்டாங்க மிஸ் என்று ஒரு பக்கம், இந்த பீரியட் எங்களுக்கு பி.டி.ங்க மிஸ் என்று இன்னொரு பக்கம், பேர் கேட்டால் ஒருவன் பேரை இன்னொருவன் சொல்லி இரண்டு பேரும் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்வார்கள். இதற்குப் பயிற்சியில் சொன்ன புன்னகை உதவாது. நோட்டை எல்லோரும் மேஜை மேல் வையுங்கள் என்றால் போதும், அட்டையில் பேர் இருக்கும், கடைசிப் பக்கத்தில் எந்தக் கணக்கு வரை போனார்கள் என்பதும் இருக்கும். ஸ்டாஃப் ரூமில் ஒரு தமிழம்மா சொல்லிக் கொடுத்தது இது. ஏஜென்சி ஒரு தாளில் இப்படி நாலு வரி அடித்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

இத்தனை புகாருக்குப் பிறகும் ஏன் விட்டுவிட்டு வரவில்லை என்றால், எட்டாம் வகுப்பு வாழ்வியல் கணிதம் பாடம்தான் காரணம். லாபம், நட்டம், தள்ளுபடி, ஜி.எஸ்.டி. எல்லாம் வருகிற பாடம். புத்தகத்தில் ஒரு வியாபாரி மின்விசிறி வாங்கி விற்றுக்கொண்டிருந்தார், வகுப்பு பாதி தூங்கிக்கொண்டிருந்தது. நான் போர்டில் ஒரு டீஷர்ட் வரைந்தேன். இதை ஒரு பையருக்கு விற்க வேண்டும், என்ன விலை சொல்லலாம் என்றேன். துணி, கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஒவ்வொன்றாக எழுத எழுத வகுப்பு முழித்துக்கொண்டது, ஏனென்றால் பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் கம்பெனிக்குப் போகிறவர். ஓவர்லாக் தையலுக்கு ஒரு பீஸுக்கு இவ்வளவு கூலி என்று நான் எழுதியதைப் பார்த்து ஒரு பெண், அவ்வளவெல்லாம் எங்கம்மாவுக்குத் தர்றதில்லைங்க மிஸ் என்றாள். திருத்தி எழுதினோம். துணி எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 160 ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் 160 கிராம். உடல் நீளமும் கை நீளமும் தையலுக்கு விடுவதும் சேர்த்து 110 சென்டிமீட்டர், நெஞ்சகலம் 58, முன்னும் பின்னும் இரண்டு, பெருக்கிப் பத்தாயிரத்தால் வகுத்தால் 204 கிராம் வருகிறது. கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்து, காலர் வெச்சா ரிப் துணி தனிங்க மிஸ், அதைச் சேர்க்கலையே என்றான். பெரிய ஆபீஸ்களில் புதிதாகச் சேர்கிற டிரெயினி கேட்க மறக்கிற கேள்வி அது.

அப்புறம் ஒரு பெண் அந்தக் கேள்வியைக் கேட்டாள். அமெரிக்காக்காரங்க போட்ட வரியை யாருங்க மிஸ் கட்டுவாங்க? ஏற்கனவே இருக்கிற வரியை விட்டுவிட்டு இதை மட்டும் எடுப்போம் என்று நாலு டாலர் சட்டைக்கு இரண்டு டாலர் எழுதினேன். அந்த இரண்டு டாலரை அங்கே இறக்குமதி செய்கிறவர்தான் கட்டுவார். கட்டிவிட்டு, நீ விலையைக் குறை என்று நம்மிடம் வருவார். பத்து சதவீதம் குறைத்தால் சட்டைக்கு நாற்பது சென்ட் போகிறது, நம் லாபமே அதைவிடக் குறைவு என்றால் என்ன ஆகும்? நட்ட சதவீதம் கண்டுபிடியுங்கள் என்றேன். கண்டுபிடித்தார்கள். அதனாலதான் எங்கப்பாவுக்கு நைட் ஷிப்ட் இல்லையாங்க மிஸ் என்று அவள் கேட்டபோது மணி அடித்துவிட்டது. அடுத்த நாள் அந்த வகுப்பு எனக்கு இல்லை, அவர்கள் டீச்சர் லீவு முடிந்து வந்துவிட்டார். ஒரு நாள் டீச்சர் வேலையில் இருக்கிற குறையே இதுதான், நூல் கோத்து முடிப்பதற்குள் துணியை வேறு ஆள் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

அதனால்தான் இந்த ஏஜென்சியில் எனக்கு உருப்படியாகத் தெரிந்தது ஜோடி வேகன்சி என்று அவர்கள் சொல்கிற ஏற்பாடு. விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, குரூப்பில் பழைய ஆட்கள் பேசிக்கொண்டதில் தெரிந்து நானே கேட்டு வாங்கினேன். நீண்ட லீவில் போகிற ஒரு டீச்சர் இடத்துக்கு இரண்டு பேர், திங்கள் முதல் புதன் வரை ஒருவர், வியாழன் முதல் சனி வரை இன்னொருவர். பிரசவ விடுப்பு 2017 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு 26 வாரம், பள்ளிக்கு அத்தனை நாள் ஆள் வேண்டும், முழு நேரத்துக்கு ஆள் கிடைப்பது கஷ்டம், என்னைப் போல வாரத்தில் பாதி நாள் வேறு வேலை உள்ளவர்கள் இதில் கச்சிதமாகப் பொருந்துகிறோம். எனக்குக் கிடைத்த ஜோடி கோபிப் பக்கம் ஓய்வுபெற்ற ஒரு கணக்கு சார். ஸ்டாஃப் ரூம் அலமாரியில் ஒரு நோட்டு வைத்தோம், அன்றன்று நடத்தியது, யாருக்கு எது புரியவில்லை, எந்தக் கணக்கில் விட்டது என்று எழுதி வைப்போம். "அம்மிணி, பின்பெஞ்சு ரெட்டை மண்டைக்காரன் இன்னும் அடுக்குக்குறியில தடுமாறறான், கொஞ்சம் பாருங்க" என்று அவர் கையெழுத்தில் இருக்கும். இந்த நோட்டு யோசனை ஏஜென்சியுடையதில்லை, அவருடையது. அதை எல்லா ஜோடிக்கும் கட்டாயமாக்கினால் நான் இன்னொரு ஸ்டார் சேர்த்துவிடுவேன். பெயர் தெரிகிறது, முகம் தெரிகிறது, திட்டினால் அடுத்த வாரம் சமாதானம் பேச வாய்ப்பு இருக்கிறது. மாதச் சம்பளம் பள்ளி கொடுப்பதில் பாதி, அதில் முதல் மாதத்தில் பாதியை ஏஜென்சி எடுத்துக்கொள்ளும். அது கொஞ்சம் அதிகம் என்றே நினைக்கிறேன், ஆனால் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிட்டார்கள்.

ஸ்டாஃப் ரூமில் உட்காரும்போது இன்னொரு விஷயமும் தெரியவரும். இந்த வேலைக்கு முழு நேரமாக வரலாமா என்று நினைக்கிறவர்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டியது. 2025 செப்டம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம், பணியில் இருக்கிற ஆசிரியர்களும் டெட் பாஸ் பண்ண வேண்டும், ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டு வருஷம் அவகாசம் என்று சொன்ன பிறகு, டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் உளவியல் கைடு வைத்துப் படிக்கிற நாற்பது வயது டீச்சர்களைப் பார்த்தேன். நவம்பர் 15, 16-ல் டெட் தேர்வு வந்தது, அதற்கு முந்தைய நாட்களில் படிக்க லீவு போட்டவர்களால் எங்கள் குரூப்பில் மெசேஜ் குவிந்தது. அவர்கள் பயம் எங்களுக்கு வேலை. கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

மோசமான அனுபவம் ஒன்று. ஒரு பள்ளியில் அரையாண்டுத் தேர்வுத் தாள் ஒரு கட்டு கையில் கொடுத்து வீட்டில் திருத்தி வாருங்கள் என்றார்கள். ஒப்பந்தத்தில் தாள் திருத்துவதற்குத் தனிக் கட்டணம் என்று இருக்கிறது. கேட்டால் ஏஜென்சியில், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க மேடம், நல்ல ஸ்கூலுங்க என்றார்கள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன், இரண்டு வாரம் கழித்து வந்தது. வரும், ஆனால் கேட்டால்தான் வரும். இந்தப் பழக்கம் எல்லாவற்றிலும் இருக்கிறது. இன்னொன்று, அவர்கள் மூலம் போன பள்ளியில் ஒரு வருஷத்துக்குள் நேரடியாகச் சேர்ந்தால் 10,000 ரூபாய் கட்ட வேண்டும் என்கிற விதி. நல்ல டீச்சரைப் பள்ளிக்குப் பிடித்துப்போய், ஜூனில் வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டால் இது குறுக்கே நிற்கும். பள்ளியே கட்டட்டும் என்று பேசிப் பார்க்கலாம், சிலர் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

அரசுப் பள்ளியில் இதுபோல் தற்காலிகமாகப் போக முடியாதா என்று கேட்டால், முடியும், வழி வேறு. ஏஜென்சி கிடையாது, பள்ளி மேலாண்மைக் குழு மூலம் எடுக்கிறார்கள். 2022-ல் அதை அறிவித்தபோது மாதம் இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 என்றிருந்தது, பிறகு 12,000, 15,000, 18,000 ஆனது. வேலை முழு நேரம், கல்வியாண்டு முடிந்தால் முடிந்தது. பகுதி நேரம் என்ற சொல்லைக் கேட்டதும் ஆசைப்படுகிறவர்கள், 2012-ல் ஓவியம், தையல், உடற்கல்வி, கணினி என்று 5,000 ரூபாய்க்கு வாரம் மூன்று அரை நாளுக்குச் சேர்ந்தவர்கள் கதையைக் கேட்டுப் பாருங்கள். பணி நிரந்தரம் கேட்டு வருஷக்கணக்காகச் சென்னைக்கும் ஊருக்கும் நடந்தார்கள். தற்காலிகம் என்று உள்ளே போனால் நிரந்தரமாகும் என்ற நம்பிக்கையில் யாரும் இந்தப் பக்கம் வரக் கூடாது, அரசானாலும் தனியாரானாலும்.

வீட்டில் சம்பாதிக்கிறவர் நீங்கள் ஒருவர்தான் என்றால் இது வேண்டாம், டியூஷன் எடுங்கள், நாலு பிள்ளை வந்தாலும் இதைவிட நிம்மதி. கணக்கு, இயற்பியல், ஆங்கிலம் படித்தவர்களுக்குத்தான் அழைப்பு அதிகம், தமிழ், வரலாறு படித்தவர்களுக்குக் குரூப்பில் பேச்சே இல்லை, கட்டணம் மட்டும் ஒன்றுதான். அது நியாயமில்லை என்று அவர்களிடமே சொன்னேன். ஓய்வுபெற்றவர்களுக்கும், ஆபீஸ் நாள் குறைந்துபோன என் போன்றவர்களுக்கும், பி.எட். முடித்துவிட்டு வேலையில் சேரலாமா வேண்டாமா என்று நிற்கிற பிள்ளைகளுக்கும் சொல்வேன், போய்ப் பாருங்கள்.

சேர்வதென்றால் மே கடைசியில் சேருங்கள். ஜூனில் பள்ளி திறந்த முதல் இரண்டு வாரம் ஆள் இல்லாமல் அல்லாடுவார்கள், அப்போதுதான் நல்ல இடம் கிடைக்கும், மார்ச், ஏப்ரலில் தேர்வு ஹாலில் காவல் நிற்கும் வேலை மட்டுமே மிஞ்சும். பணம் கட்டுவதற்கு முன் ஜோடி வேகன்சி இருக்கிறதா, கரெக்‌ஷன் கட்டணம் ஒரு தாளுக்கு எவ்வளவு, டி.டி.எஸ். எதற்குப் பிடிக்கிறீர்கள் என்று மூன்றையும் போனில் கேட்காமல் வாட்ஸப்பில் கேளுங்கள். பதில் வருவதற்கு நாளாகும், வந்த பிறகு 1,500 அனுப்பினால் போதும்.